பாறசாலை வழிச் சரக்குப் பெட்டியும் அதன் சிற்றுருவும்

புகைவண்டியைச் சிற்றுருவாகச் செய்து மேசைமீது ஓட்டி மகிழும் கலை நம் நாட்டிலும் வேரூன்றியுள்ளது. புணே நகரில் வாழும் தமிழ் நேயர்கள், அங்கு 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில்வே காட்சிச்சாலையைக் கண்டிருக்கக் கூடும். இக்கலையில் ஈடுபடுவோர் பெரும்பாலும் எஞ்சினையே நாடுகின்றனர். பின்னால் வரும் சரக்குப் பெட்டியைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. நாம் இன்று அந்தப் பெட்டியைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

முதலில் பெயரைக் குறித்து ஒரு சொல். அமெரிக்கர் இதனைப் பாக்ஸ் கார் என்பர். ஆங்கிலேயர் வேன் என்பர். நம் ரயில்வேயில் இது மூடிய வாகன். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எம்போன்றோர் 'மூடு சரக்குப் பெட்டி' என்று எழுதி நிறைவடைகிறோம். ஊர் மக்களோ 'கூட்ஸ் வண்டி' என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுகின்றனர். அவர்கள் சொல்லே எமக்கும் பிடித்தமானது.

நெய்யாற்றங்கரையையும் பாறசாலையையும் சிற்றுருவில் அமைக்க விரும்பும் ஒருவர் முதலில் எதிர்ப்படும் இடர், அங்கே நெடுங்காலம் இருப்புப் பாதையே இல்லை என்பதாகும். செங்கோட்டைக் கணவாய் வழியாக 1904இல் கொல்லத்தை அடைந்த மீட்டர் பாதை, 1918இல் திருவனந்தபுரம் வரை நீண்டு, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே சரக்கெல்லாம் சாலைவழியே சென்றது. பூவாற்றிலிருந்து குளச்சல் நோக்கி 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் எண்ணியபடி கன்னியாகுமரியை எட்டவில்லை. பாலராம வர்மர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கேயிருந்து அழைத்துவரப்பட்டுப் பாலராமபுரத்தில் குடியமர்ந்த தமிழ்ச் சாலியர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்த கைத்தறித் துணிக்குப் புகைவண்டி மிகவும் பிந்தி வந்த விருந்தாளி.

அதற்கிடையே நிலமே பிரிக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றங்கரையையும் கோரியது. அது கேரளத்தோடே நின்றது. பாறசாலை ஒரு மாநிலம், களியக்காவிளை மற்றொரு மாநிலம் என்றாயின. பெண் கொடுத்தும் எடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் எல்லைக்கு இருபுறமும் இருந்தன. அவர்களுக்கு இடையே அகலப் பாதை வந்தது 1979இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து நேமம், பாலராமபுரம், நெய்யாற்றங்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல், நாகர்கோவில் எனச் செல்லும் அப்பாதை கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 87 கிலோமீட்டர். சிற்றுருக் கலையில் பெரிதும் வழங்கும் எச்.ஓ. அளவும் 87இல் ஒரு பங்கே. முழுப் பாதையையும் பிசகின்றி அமைக்க ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மேசை போதுமென்று வேடிக்கையாகக் கணக்கிடலாம்!

வேடிக்கை முடிந்து மெய்யான கணக்குக்கு வருவோம். நமது அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அதனை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான், ஏனெனில் அது 1,435 மில்லிமீட்டர் கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்காக வகுக்கப்பட்டது. ஆகவே அதன்மீது நிறுத்தப்படும் நம் நாட்டுப் பெட்டி, குறுகிய பலகையில் குந்தியிருக்கும் பருத்த மனிதர் போல் தோன்றும். பொறுமையுடையோர் தண்டவாளத்தையும் அச்சையும் தாமே செய்துகொள்கின்றனர். மற்றையோர் கண்ணை மூடிக்கொள்கின்றனர். நாம் பின்னவரைக் குறைகூற மாட்டோம்.

ஆனால் அமெரிக்கப் பெட்டியை வாங்கி வண்ணம் மாற்றிப் பாறசாலையில் நிறுத்துவதை ஒப்ப இயலாது. பழைய அமெரிக்கப் பெட்டியின் கூரைமேல் நடைபலகை ஒன்று ஓடும். பிரேக் சக்கரத்தைக் கையால் திருகுவதற்காக ஊழியர் பெட்டிக்குப் பெட்டி அதன்மேல் நடந்த காலத்தின் எச்சம் அது. 1966 முதல் அங்கே புதிய பெட்டிகளில் அது கைவிடப்பட்டது. அப்பெட்டியின் கதவு பக்கவாட்டில் நழுவும். நம் பெட்டிக்கு நடைபலகை இல்லை. கதவுகள் கீலில் திரும்பி வெளிப்புறம் திறக்கும். பாதை திறந்த நாளில் நாடெங்கும் ஓடியவை பெரும்பாலும் வெற்றிட பிரேக் கொண்ட நான்கு சக்கர மூடு பெட்டிகள். போகியின்மேல் அமர்ந்த, காற்றழுத்த பிரேக் கொண்ட பி.சி.என். பெட்டி 1980களுக்கு உரியது. அதன் நீளம் 15 மீட்டருக்கு மேல்; சிற்றுருவில் சுமார் 18 சென்டிமீட்டர். அதனை 1979ஆம் ஆண்டுக் காட்சியில் வைத்தால் காலம் பிசகும். தலைக்கு மேலுள்ள மின்கம்பியும் அவ்வாறே பிற்காலத்தது.

பெட்டியின் பக்கத்தில் எழுதும் எண்ணைச் சிலர் அலங்காரமாகக் கருதுகின்றனர். 1711 என்ற எண்ணை நினைவூட்ட விரும்புகிறோம். 1921 நவம்பர் 19ஆம் நாள் மாலை, மலபார்க் கிளர்ச்சியில் கைதான ஏறத்தாழ நூறு பேரைத் திரூரில் ஒரு மூடிய சாமான் பெட்டியில் அடைத்துக் கோவை நோக்கி அனுப்பினர். அது மதராஸ் தெற்கு மராட்டா ரயில்வேயின் 1711ஆம் எண் பெட்டி. நள்ளிரவு கடந்து போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்து கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்து எழுபது பேர் வரை மாண்டனர். காற்றுக்கென அமைந்த கம்பிவலை வண்ணப்பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. திரூரில் நகராட்சி மண்டபம் ஒன்று அவர்கள் நினைவாக நிற்கிறது. சிற்றுருப் பெட்டிக்கு வண்ணம் பூசும்போது காற்றுத் துளைகள் அடைபடாமல் நுண்ணிய தூரிகையால் காக்கவேண்டும் என்பது இக்கலையில் எவரும் சொல்லும் பாடம். போத்தனூரை அறிந்தவர் அப்பாடத்தை வேறு மனத்தோடு கேட்பர்.

இனிப் பாறசாலைப் பெட்டிக்கு என்ன எழுதுவது? 'தெற்கு ரயில்வே' என்று எழுதினால் போதும். 1979 அக்டோபரில் அமைந்த திருவனந்தபுரம் கோட்டத்தில், பாறசாலையும் குழித்துறையும் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் ஒருங்கே அடங்கின. மாநிலங்கள் களியக்காவிளையில் பிரிந்தன. ரயில்வேக் கோட்டமோ அங்கே பிரியவில்லை. குமரி மாவட்டத்து நிலையங்களை மதுரைக் கோட்டத்தில் சேர்க்க வேண்டுமென்ற குரல் தமிழ்நாட்டுப் பக்கத்தில் நெடுநாள் ஒலித்ததுண்டு. எல்லையோரக் கிராமத்தவரோ நெய்யாற்றங்கரைச் சந்தைக்கும் மார்த்தாண்டம் சந்தைக்கும் முன்போலவே மாறிமாறிச் சென்று வந்தனர். ஆதலின் பாறசாலைக்கும் குழித்துறைக்கும் நடுவே தண்டவாளத்தின் மேல் எல்லைக்கோடு எதுவும் வரைய வேண்டுவதில்லை. இருபுறமும் தென்னையும் மரச்சீனித் தோட்டமும் வைத்தால் போதும்.