லயத்துக்கு மேலே மலை

திருவரங்குளத்தில் சரிந்து விழ மலை கிடையாது. செம்புறாங்கல் மேடு, தைலமரக் காடு, கண்மாய், அவ்வளவுதான். ஆனாலும் மண்சரிவின் வரலாறு எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதல்ல. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும், இலைத்துரு நோயில் காப்பி அழிந்த பின் தேயிலைக்கும் கடல் கடந்தவர்களின் வாரிசுகள்தான் இன்றும் அந்தச் சரிவுகளுக்குக் கீழே குடியிருக்கிறார்கள். எங்க அப்பாயி இலங்கை என்று சொல்லிக் கேட்டதில்லை. "கண்டிக்குப் போனவுக" என்பார். திரும்பி வராதவர்களுக்கும் அதே சொல்தான்.

2014 அக்டோபர் 29 காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தை தோட்டத்தில் மலை இறங்கியது. லயன் வீடுகள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். முதலில் நூற்றுக்கணக்கானோர் என்று செய்தி வந்தது. பிறகு நாற்பதுக்குள் வந்து நின்றது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது.

பொறியியல் படித்தவன் முதலில் கேட்பது, ஏன் தடுக்கவில்லை என்பதைத்தான். வழி இல்லாமலில்லை. நகரும் மண்ணுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, சரியும் தளத்தைத் தாண்டி அடியிலுள்ள பாறைக்குள் இரும்புக் குழாய்களை இறக்கி கான்கிரீட் நிரப்புவார்கள். மேல்மண் தள்ளும், கீழ்ப்பாறை பிடித்துக்கொள்ளும், நடுவில் குழாய் வளைந்து தாங்கும். சுவர் மாதிரி நெருக்கி நட வேண்டியதில்லை. இரண்டு குழாய்களுக்கிடையே மண் தானாகவே ஒரு வளைவு கட்டிக்கொள்ளும். இடைவெளி கூடிப்போனால் நடுவில் பிதுங்கிவிடும். குழாய்மேல் விழும் அந்த விசையைக் கணக்கிடும் முறையை ஜப்பானின் இட்டோவும் மட்சுயியும் 1975இல் வெளியிட்டார்கள்.

ஆனால் இது எல்லா மலைக்கும் மருந்தல்ல. மெதுவாக, கட்டியாக, அடையாளம் தெரிந்த தளத்தின்மேல் நகரும் மண்ணுக்கே பொருந்தும். மீரியபெத்தையில் வந்தது சேறும் பாறையும் கலந்த ஓட்டம். அதன் பாதையில் குழாய் நட்டிருந்தால் குழாயும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் பெரும்பாலும் வில்லன் தண்ணீர்தான். மழைநீர் மண்துகள்களுக்கிடையே புகுந்து அழுத்தம் ஏறும்போது, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு குறைகிறது. அதனால் பல சரிவுகளில் வடிகாலே முதல் வைத்தியம், குழாய் அதற்குப் பிறகுதான். வட்டவளையில் ரயில் பாதையை நகர்த்திய மண்ணை 1990களில் நிலத்துக்குள் நீளத் துளையிட்டு நீரை வடித்தே அடக்கினார்கள்.

எனக்கு நெருடுவது இங்கேதான். வட்டவளையில் ரயில் பாதை இருந்தது. ஜப்பான் கடனில் 2013இல் ஒப்பந்தமான மண்சரிவுத் தடுப்புத் திட்டமும் தேசிய நெடுஞ்சாலைகளுக்கானது. நம்ம நீலகிரியிலும், 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்த அதே மாவட்டத்தில், அண்மைக் காலமாக மண்ணுக்குள் இரும்புக் கம்பிகளைச் செருகிப் புல்விதை தெளிக்கிறார்கள். அதுவும் சாலையோரச் சரிவுகளில்தான். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து திரும்பியவர்களில் பலரை அரசு குடியமர்த்தியதும் அந்த மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

சாலை கெட்டால் அரசுக்குச் செலவு, அதனால் கணக்கில் வருகிறது. லயம்? நிலம் தோட்டத்துடையது. இருப்பவர் 1948 சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை. சொந்தக் காணி இல்லாதவரிடம் "இடம் மாறு" என்றால் எங்கே போவார்? எச்சரிக்கைக் காகிதம் சரியாகத்தான் இருந்தது. அதோடு சேர்த்துக் கொடுக்க ஒரு துண்டு நிலம்தான் இல்லை.

மீரியபெத்தையில் பிழைத்தவர்களுக்கு 2016இல், இரண்டு வருடம் கழித்து, மகல்தெனியவில் வீடுகள் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச்சஸ். நம்ம ஊர்க் கணக்கில் நாலரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு.