149 டொலர் சிப்பும் 669 டொலர் வேகமும்

ஓவர்குளொக்கிங் எண்டவுடன இப்ப கனபேருக்கு நினைவு வாறது, திரவ நைட்ரஜனை ஊத்திப் புகை பறக்கவிடுற யூடியூப் வீடியோக்கள்தான். ஆனால் இந்தப் பழக்கம் சாதனைக்காகத் தொடங்கேல்லை. காசு மிச்சம் பிடிக்கத்தான் தொடங்கினது.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதற்குள் இருந்த 12 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலைக் கழற்றி 16 போட்டால் வேகம் 8 ஆகிவிடும். கிறிஸ்டல் மலிவான சாமான். இதைக் கண்ட ஐபிஎம், பின்னால் வந்த பயோஸுக்குள் வேகத்தைச் சோதிக்கும் ஒரு துண்டு நிரலை வைத்தது: கூடினால் மெஷின் தொடங்காது. 1986இல் அதே 8 மெகாஹேர்ட்ஸ் ஏடியைத் தானே விற்றது. பிறகு வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் ஒத்திகை எண்டு நினைக்கிறன்.

உண்மையான கூத்து 1998இல். அந்த ஓகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு சிப்புகளை வெளியிட்டது. பென்டியம் 2இன் 450 மெகாஹேர்ட்ஸ் சிப் 669 டொலர், செலரோன் 300ஏ 149 டொலர். இரண்டும் ஒரே 0.25 மைக்ரோன் தொழில்நுட்பத்தில் செய்தவை. பென்டியத்தில் 512 கிலோபைட் கேஷ் இருந்தாலும் அது சிப்புக்கு வெளியே, பாதி வேகத்தில் ஓடியது. செலரோனில் 128தான், ஆனால் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில்.

செலரோனின் பெருக்கி 4.5. அதை மாத்த ஏலாது, இன்டெல் பூட்டிவிட்டது. மலிவுச் சிப்பில் கூடின வேகத்தை அச்சடித்து ஏமாத்தி வித்த கள்ள வியாபாரிகளும் அதற்கு ஒரு காரணம் எண்டதை மறைக்கக்கூடாது. ஆனால் பஸ் வேகத்தை யாரும் பூட்டேல்லை. 66ஐ 100 ஆக்கினால், 4.5 மடங்கு, 450! அபிட் பிஎச்6 மதர்போர்டில் ஜம்பர்கூடத் தேவையில்லை, பயோஸ் மெனுவிலேயே மாத்தலாம். அந்த வசதி இல்லாத சில போர்டுகளில் பி21 எண்ட பின்னை ஒரு துண்டு ரேப்பால் மூடினால், சிப் தன்னை 100க்காரன் எண்டு சொல்லும்.

முதன்முறை கைவைக்கிற ஆக்கள் கொஞ்சம் நிண்டு பாக்கவேண்டிய இடம் இது. 66இலிருந்து நேரே 100க்குப் போறது துணிச்சல், இடையில 83இல் நிக்கிறது பாதுகாப்பு எண்டுதான் எவரும் நினைப்பினம். உண்மை தலைகீழ். பிசிஐ பஸ் 33 மெகாஹேர்ட்ஸில் ஓடவேணும். 100ஐ மூன்றால் பிரித்தால் சரியாக 33. 83ஐ இரண்டால்தான் பிரிப்பார்கள், வாறது 41.5. கணினி ஓடும், குவேக் விளையாடும், ஆனா ஹார்ட் டிஸ்கில் எழுதுறது சத்தமில்லாமல் பழுதாகலாம். சிப்பைவிட அதற்குள் இருந்த படங்கள், எழுத்துகள் பெறுமதியானவை. வேகத்தைக் கூட்டமுன் பக்கப் அடிக்கச் சொல்றது இதுக்காகத்தான்.

எல்லாச் சிப்பும் 450க்கு ஏறவுமில்லை. வழமையான மின்னழுத்தம் 2.0 வோல்ட். நிலைக்காவிட்டால் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஆனால் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு சூடு ஏறும், அதனால் பெரிய ஹீட்சிங்க் வேணும். விண்டோஸ் திறந்திட்டுது எண்டால் வேலை முடிஞ்சுது எண்டில்லை. பிரைம்95ஐ மணிக்கணக்கா ஓடவிட்டு, ஒரு கணக்கும் பிழைக்காமல் இருந்தால்தான் அது 450. பிழைச்சால் ஒரு படி இறங்குறதில் வெக்கமில்லை.

இது களவா? செலவழிச்சு வாங்கின சாமானை, உத்தரவாதம் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டு திருகுறது களவில்லை எண்டதுதான் என்ர நிலைப்பாடு. அதை 450 எண்டு இன்னொருவருக்கு விற்றால் கதை வேற.

2011இல் இன்டெல் வேறொரு வழி கண்டது. பஸ்ஸைத் தொட்டால் எல்லாம் குழம்புகிற மாதிரி அமைத்து, பெருக்கியைத் திறந்துவிட்ட ‘கே’ சிப்பைத் தனியாக விற்றது. கோர் ஐ7 2600 அப்ப 294 டொலர், 2600கே 317. அதைத் திருகப் பி67 போர்டும் வேணும், எச்67இல் அது ஏலாது. முந்தி ரேப் துண்டால் செய்ததுக்கு 23 டொலர் விலைச்சீட்டு வந்தது. அபிட் அதைப் பாக்க இருக்கேல்லை. 2008 முடிவோட அந்தப் பெயர் நிண்டுபோட்டுது.