சேர்க்கைக்குப் பின் வரும் ஆண்டுகள்: காவிரிப் படுகையும் திரைக்கல்வி உதவித்தொகையும்

பூதலூரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் திருவையாற்று அரசு இசைக் கல்லூரியில் பாடம் கேட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். ரயிலில் தஞ்சாவூரைத் தாண்டிப் போனால் கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. வீணையோ தவிலோ ஓவியமோ கற்க நினைக்கும் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு வீட்டுச் சோற்றை விட்டு விலகாமலே கற்க வழியுண்டு. அதே பிள்ளைக்கு ஒளிப்பதிவோ படத்தொகுப்போ இயக்கமோ வேண்டுமென்றால், மாநில அரசின் நிறுவனம் என்று இருப்பது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைத் தரமணியில் ஒன்றுதான்.

இதைப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே கட்டணத்துக்குப் போய்விடுகிறது. அரசு நிறுவனத்தின் கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட மிகக் குறைவு. அதையும் உதவித்தொகை ஈடுகட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கிறோம். என் வாதம் வேறு. திரைத்துறையில் ஏழை மாணவர் விழுந்துபோகும் இடம் கல்லூரி வாசல் அல்ல. படிப்பு முடிந்து முதல் படம் கைக்கு வரும்வரை உள்ள சம்பளமில்லாத ஆண்டுகள். உதவித்தொகை அங்கே போய்ச் சேராதவரை, அது பட்டம் வாங்கிக் கொடுக்குமே தவிரப் படம் எடுக்க வைக்காது.

முதலில் துறைகளின் கதை. இசைக் கல்லூரிகளும் கவின்கலைக் கல்லூரிகளும் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இருக்கின்றன. திரைப்பட நிறுவனமோ செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பு. சென்னையில் திரைக்கல்வி 1945இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதாவது சினிமா அரசின் கணக்கில் நுழைந்தது தொழில்நுட்பமாக, கலையாக அல்ல. நடுவண் அரசிலும் இதே பிளவுதான். பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுவரையுள்ள இளங்கலைஞர்களுக்கு ஆண்டுக்கு 400 உதவித்தொகைகள் வழங்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். செவ்வியல் இசை, நடனம், நாடகம், ஊமைக்கூத்து, காட்சிக்கலை, நாட்டுப்புறக் கலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சினிமா இல்லை, அது தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் சொத்து. 1986இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்ட தென்னகப் பண்பாட்டு மையமும் பண்பாட்டு அமைச்சகத்தைச் சேர்ந்ததே. ஆக, படுகையின் நடுவிலேயே ஒரு கலை நிறுவனம் இருந்தும் திரைமாணவருக்கு அதன் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது.

அப்படியானால் அவருக்குக் கிடைப்பவை பொதுவான உதவிகள்: பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை (இதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்), பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பின்னவை இரண்டும் மாதம் 1,000 ரூபாய். இவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிது. ஆனால் இவை அனைத்தும் அங்கீகாரம் பெற்ற கல்விநிலையத்தில் பெயர் இருக்கும்வரைதான். பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த மாதமே வரவு நின்றுவிடும்.

வருகிற நேரமும் பொருந்தவில்லை. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணையில் தண்ணீர் பிரிந்து, 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயில் பூதலூர்ப் பக்கம் வரும்போது நாற்றங்கால், உழவு, நடவுக்கூலி என்று கையிலிருப்பதெல்லாம் வயலுக்குள் இறங்கிவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கையும் விடுதி முன்பணமும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான் வருகின்றன. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் ஏறுவதற்குத் தை, மாசி ஆகிவிடும். குத்தகைக்குப் பயிர் செய்கிறவருக்கு இன்னொரு தலைவலி: நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும், தாசில்தார் தரும் வருமானச் சான்றில் இவருடைய நட்டக்கணக்கு ஏறவே ஏறாது. கல்வியாண்டின் கடைசியில் வங்கிக் கணக்கில் விழும் தொகை, ஆனியில் வாங்கிய வட்டிக் கடனை அடைக்கத்தான் உதவும்.

கலைஞரைத் தாங்குவது என்றால் என்ன என்று இந்த மண்ணுக்குத் தெரியாதது அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல்மகளிரை, பெயர் பெயராகப் பதிவுசெய்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கு. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அந்தப் பெண்கள் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்கள். அவர்களுடைய விருப்பம் கேட்கப்பட்டதா என்று கல்வெட்டு சொல்லாது. எனவே அதைப் பொற்கால மாதிரியாக நான் காட்டவில்லை. நிர்வாக அறிவைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: குடியிருப்பும் ஆண்டு முழுவதற்குமான தானியமும் முதலில், ஆட்டம் பிறகு. இன்றைய நம் முறை நேர் எதிர்.

சென்னையில் உதவி இயக்குநரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது திரைத்துறையில் யாருக்கும் புதிதல்ல. சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலைந்து பேர் பகிரும் அறை. படப்பிடிப்பு நடந்தால் பேட்டா, நடக்காவிட்டால் ஊரிலிருந்து வரும் பணம். கதை விவாதத்துக்கு டீயும் சாப்பாடும் உண்டு, சம்பளம் பெரும்பாலும் பேச்சளவில். இந்த ஆண்டுகளுக்கு உண்மையில் நிதி கொடுப்பவர் தயாரிப்பாளர் அல்ல, ஊரில் இருக்கும் அப்பா. அவரிடம் விற்கவோ அடகு வைக்கவோ ஏதாவது இருந்தால் மகன் பத்து ஆண்டுகள் தாக்குப்பிடிப்பான். மகள் என்றால் அவ்வளவுகூட வீடு பொறுக்காது. இதுவும் ஓர் உதவித்தொகைதான். சொத்துள்ள குடும்பங்களுக்கு மட்டும் உரியது, எந்தக் கணக்கிலும் எழுதப்படாதது.

உதவியே இல்லாமல் வந்தவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. பி.எஸ். வினோத்ராஜ் திரைப்பள்ளிக்குப் போகாதவர். அவருடைய ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதைப் பெற்றது. ஆனால் கரையேறியவர்களை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது. அவரைப் போன்ற திறமையோடு அறை வாடகை கொடுக்க முடியாமல் ஊர் திரும்பியவர்களின் பட்டியலை யாரும் வைத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு திரைக்கலைக்குக் கொடுப்பதெல்லாம் முடிந்த வேலைக்கான பரிசாகவே இருக்கிறது. குறைந்த செலவில் எடுத்த தரமான படங்களுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. படம் முடிந்து வெளிவந்த பிறகு தயாரிப்பாளரின் பெயருக்கு அது போகும். விருதுகளின் நிலை இன்னும் வேடிக்கை. 2009 முதல் 2014 வரையிலான திரைப்பட விருதுகள் 2022 செப்டம்பர் 4 அன்று கலைவாணர் அரங்கத்தில் வழங்கப்பட்டன. 2008–09 முதல் 2013–14 வரை படித்த திரைப்பட நிறுவன மாணவர்களுக்கான விருதுகளும் அந்த மேடையிலேயே. படிக்கும்போது எடுத்த குறும்படத்துக்கான பரிசு, எட்டு முதல் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கைக்கு வருகிறது. அந்தத் தொகை யாரை எந்த நெருக்கடியில் தாங்கியிருக்கும்?

அரசுக்கு வெளியே சில முயற்சிகள் இந்த இடைக்காலத்தைச் சரியாகக் கண்டுகொண்டிருக்கின்றன. வெற்றிமாறன் 2021இல் தொடங்கிய பன்னாட்டுத் திரை–பண்பாட்டு ஆய்வகம், பின்தங்கிய சூழலிலிருந்து வரும் பட்டதாரிகளுக்குப் பயிற்சியோடு தங்குமிடத்தையும் உணவையும் இலவசமாகத் தருகிறது. பா. இரஞ்சித்தின் கூகை திரைப்பட இயக்கம் 2018இல் உதவி இயக்குநர்களுக்கென்றே நூலகம் திறந்தது. வேலையில்லாத பகலில் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் என்பது சின்ன விஷயமல்ல. இரண்டும் தனிமனிதர்களின் புகழையும் நன்கொடையையும் நம்பி நிற்பவை, இரண்டும் சென்னையில் இருப்பவை.

கேரளத்தில் நடந்த ஒரு தகராறு இந்த வாதத்துக்கு நேரடியாகப் பயன்படும். அங்கே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்வரை கொடுத்துத் தயாரிக்கிறது. ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரெ’ அப்படி வந்த படம். 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைக்கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் இத்திட்டத்தைக் குறைகூறினார்: இவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும், ஒன்றரைக் கோடியை ஐம்பது லட்சமாக்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது. பயிற்சி வேண்டும் என்பதில் பிழையில்லை. அதை இந்தப் பிரிவினருக்கு மட்டும் நிபந்தனையாக்கியதுதான் பிழை.

ஆனால் அடூரின் சொந்த வரலாறு அவருடைய பேச்சைவிட நல்ல சான்று. 1962இல் பூனா திரைப்பட நிறுவனத்தில் சேர்ந்து இந்திய அரசின் உதவித்தொகையோடு படிப்பை முடித்தார். 1965இல் நண்பர்களோடு சித்ரலேகா திரைப்படச் சங்கத்தையும் கூட்டுறவையும் தொடங்கினார். முதல் படமான ‘சுயம்வரம்’ வந்தது 1972இல், திரைப்பட நிதிக் கழகத்தின் கடனோடு. படிப்புக்கும் படத்துக்கும் இடையில் ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளை அவர் கோடம்பாக்கத்தில் யாருடைய அலுவலக வாசலிலும் கழிக்கவில்லை. சொந்த மாநிலத்தில் படம் காட்டினார், ஆவணப்படம் எடுத்தார், கூட்டுறவு நடத்தினார். உதவித்தொகை, இடைக்காலத்துக்கு ஓர் உள்ளூர் நிறுவனம், முதல் படத்துக்குப் பொதுக் கடன் என்று மூன்றும் அடுத்தடுத்து அமைந்ததால்தான் ஓர் அடூர் கிடைத்தார். தமிழ்நாட்டில் முதலாவது அரைகுறையாக இருக்கிறது. மூன்றாவது பரிசாக மாறிவிட்டது. இரண்டாவது அறவே இல்லை. அது இல்லாததால், கோவையில் வைத்து எடுத்த அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ போன்ற படத்துக்கு நெதர்லாந்தின் ஹூபர்ட் பால்ஸ் நிதி துணைநிற்க வேண்டியிருக்கிறது.

படுகையில் அந்த இடைநிறுவனத்துக்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கணிப்பு. அது கல்யாண வீடியோ ஸ்டுடியோ. சிரிப்பு வரலாம். பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர்ப் பக்கத்தில் பையன்கள் கேமரா கற்பது அங்கேதான். முதலில் லைட் பிடிப்பான். பிறகு இரண்டாவது கேமரா. அதற்குப் பிறகு ஸ்டுடியோவின் பின்னறையில் எடிட். பட்டுச் சரிகையும் குத்துவிளக்கும் மண்டபத்து எல்.இ.டி. வெளிச்சமும் ஒரே சட்டகத்தில் வரும்போது எதற்கு வெளிச்ச அளவு வைப்பது என்று கை அறிந்துகொள்கிறது. தாலி கட்டும் நொடிக்கு ரீடேக் கிடையாது. பெரியவர்கள் குறுக்கே வந்து மறைப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்து நிற்க வேண்டும். ஆறு மணி நேரப் பதிவை இருபது நிமிடமாகச் சுருக்குகிறவன் படத்தொகுப்பின் பாதியைக் கற்றுவிட்டான். அவனுக்குத் தெரியாதது கதையும் சினிமா வரலாறும் ஒலியும்; அவை கற்பிக்கக்கூடியவை.

ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் கிடையாது. கேமரா, கிம்பல், லைட் எல்லாம் அலமாரியில் தூங்கும், ஆட்களுக்கும் வேலையிருக்காது. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட ஓர் உள்ளூர் உதவித்தொகை இந்த மாதங்களைப் பயன்படுத்தலாம். திரைப்பட நிறுவனத்தில் படித்து முடித்த ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் மாதப்படி. நிபந்தனை, முகூர்த்தமில்லா மாதங்களில் சொந்த வட்டத்தில் உள்ளூர் ஸ்டுடியோ ஆட்களையும் கருவிகளையும் வாடகைக்கு அமர்த்திக் குறும்படமோ ஆவணப்படமோ எடுப்பது. ஸ்டுடியோவில் வேலை செய்கிறவரும், பட்டம் இல்லாவிட்டாலும், வேலை மாதிரியைக் காட்டி விண்ணப்பிக்கலாம். முதல் தவணை ஜூன் தொடக்கத்தில் வர வேண்டும். தேர்வுக்குழுவில் ஒளிப்பதிவாளர், எழுத்தாளர் இருவரோடு ஒரு ஸ்டுடியோக்காரரும் இருக்க வேண்டும். வருமானச் சான்று எழுதாததை அவர் அறிவார். தென்னகப் பண்பாட்டு மையம் இதை ஏற்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஏற்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்? 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, தமிழ்நாடு அதன்மேல் உள்ளாட்சி கேளிக்கை வரியையும் விதித்தது. திரையரங்குகள் மூடப்பட்டு, பேச்சுவார்த்தை நடந்து, அவ்வாண்டு அக்டோபரில் புதிய தமிழ்ப் படங்களுக்கு 8 விழுக்காடு என்று நிர்ணயமானது. சினிமா பார்க்க வருகிறவரின் காசு உள்ளாட்சிக்குப் போகிறது. அதில் ஒரு பகுதியைத் திரைக்கல்விக்கு ஒதுக்கச் சொல்லும் விதி எதுவும் இல்லை. பிரான்சு 1948 முதல் நுழைவுச்சீட்டின் மேல் தனி வரி வசூலித்துத் திரைத்துறைக்கே திருப்பிவிடுகிறது. அங்கே ஓடும் அமெரிக்கப் படத்தின் சீட்டும் பிரெஞ்சு அறிமுக இயக்குநருக்குப் பங்கு கொடுக்கிறது. தஞ்சாவூர்த் திரையரங்குகளில் பெரிய நடிகரின் படம் ஓடும் முதல் வார வரியில் சிறு பங்கை மாவட்ட நிதியாக ஒதுக்க, கேளிக்கை வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் தேவைப்படும். புதிய வரி தேவையில்லை என்பதால் திரையரங்கு உரிமையாளர்கள் இதை எதிர்க்க வாய்ப்புக் குறைவு. எதிர்ப்பு வந்தால் உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்தே வரும். எனவே நிதியில் எடுக்கும் படங்களை ஊராட்சிகளில் இலவசமாகத் திரையிடும் கடமையையும் அதே திருத்தத்தில் சேர்ப்பது நல்லது.