கடல் கடந்த திரை

அயல்நாட்டுப் படவிழாவை வேரூன்றச் செய்வது படமெடுத்த நாடல்ல, பார்க்க விரும்பும் ஊர். 1956இல் ஜெர்மனியின் லூபெக்கில் ஸ்வீடன் உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளுக்கான நார்டிக் திரைப்பட விழாவைத் தொடங்கியது உள்ளூர்த் திரைப்படக் கழகம்தான். சென்னையிலும் 2003 முதல் சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்திவருவது இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் என்ற ரசிகர் அமைப்பே. தூதரகங்கள் துணை நிற்கலாம். ஆனால் அரங்கை நிரப்புவது ஊராரின் ஆர்வம்.

ஸ்வீடன் நாட்டுப் படம் கடலூருக்கும் அதையடுத்த செம்மங்குப்பத்துக்கும் எப்படிப் புரியும் என்று கேட்கலாம். ஸ்வீடன் இயக்குநர் விக்டர் ஷோஸ்ட்ரம் 1921இல் தந்த மௌனப் படத்தில், இறந்தவர்களை ஏற்றிச்செல்லும் குதிரைவண்டி கடல் அலைமீது ஓடுகிறது. ஒரே படச்சுருளில் மீண்டும் பதிவுசெய்ததால் வண்டியை ஊடுருவி அலை தெரிகிறது. கடலுக்குப் போனவர் திரும்பாத துயரை அறிந்த கரைக்கு இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பெருநகரம்தான் வேண்டும் என்பதும் சரியல்ல; லூபெக் தலைநகரம் அல்ல. கடலூர் மாவட்டத்திலேயே பல்கலைக்கழகம் உள்ள சிதம்பரத்தில் ஒரு திரையும் ஒரு கழகமும் போதும். அந்தக் கழகத்தைத் தொடங்க முன்வாருங்கள்.