பச்சை வயரின் கதை

கம்ப்யூட்டர் ஆன் ஆகல. போனது எஸ்.எம்.பி.எஸ்.ஸா, மதர்போர்டா? பெருநகர்ல இருந்து சி.பி.யு.வைத் தூக்கிக்கிட்டுக் காஞ்சிபுரம் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே இதைக் கண்டுபிடிக்கலாம். அந்த வழி 1995-ல பிறந்தது.

1981-ல வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு சுவிட்ச் ஒன்று இருந்துச்சு. அதைப் போட்டா கரன்ட் வரும், அணைச்சா நிற்கும். அவ்வளவுதான். 1995-ல இன்டெல் ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டுவந்ததும் அந்த அதிகாரம் மதர்போர்டு கைக்குப் போயிடுச்சு. நீங்க பட்டனை அழுத்துவீங்க, எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஓடச் சொல்றது மதர்போர்டு. 'ஷட் டவுன்' கொடுத்ததும் கம்ப்யூட்டர் தானா அணையுறதும் இதனாலதான். பட்டனுக்காகக் காத்திருக்கவே ஊதா வயர்ல எப்பவும் 5 வோல்ட் ஓடிட்டிருக்கும்.

உத்தரவு போறது பச்சை வயர்ல. அதைக் கறுப்பு வயரோட சேர்த்தா சப்ளை ஓடும். மதர்போர்டு செய்யுறதும் இதேதான். அதனால முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. எல்லா கனெக்டரையும் கழற்றுங்க. 24 பின் கனெக்டர்ல பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் சின்னக் கம்பியால இணைச்சுட்டு, அப்புறம் பிளக் போடுங்க. மீட்டர்ல மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டினா, சந்தேகம் மதர்போர்டு பக்கம் திரும்பும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல உயிரைப் பறிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.