லிப்டன் உட்கார்ந்த இடத்திலிருந்து கடல் தெரிகிறது

கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் பஸ் ஹல்துமுல்லையைத் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி, பெரகல சந்தியில் நிற்கும். பதுளைக்காரர் யாரைக் கேட்டாலும் அந்தச் சந்தியைப் பற்றி ஒரு கதை சொல்லுவாங்க. கடைசி பஸ்ஸை விட்டது, மழைக்குக் கடையில் ஒதுங்கியது, பனியில் எதிரே நிற்கிற ஆளே தெரியாமல் போனது. இடது பக்கம் ஏறினால் ஹப்புத்தளை, பண்டாரவளை. நேரே இறங்கினால் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. அதே ரோட்டில் இறங்காமல் இருந்தால் பொத்துவில்லில் கடலைப் பிடித்து, மட்டக்களப்பு வரை போகலாம்.

கடல் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மலை தெற்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே சமவெளி, குளங்கள், அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடு. வானம் தெளிந்த நாளில் அதுதான் ஹம்பாந்தோட்டைக் கடல் என்று ஹப்புத்தளையில் காட்டுவார்கள். கடலோரத்து ஊர் மலையை அண்ணாந்து பார்க்கும். எங்கள் ஊர்கள் கடலைக் குனிந்து பார்க்கின்றன. சுற்றுலாப் புத்தகங்கள் விற்பதும் இந்தக் காட்சியைத்தான்.

போன விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் இதைப் பார்க்கவே லிப்டன் சீட்டுக்கு ஏறினோம். நான்கு பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். நான்கு பேருக்கும் அதுதான் முதல் தடவை. பாடசாலையில் ஒருநாளும் கூட்டிப்போகவில்லை, வீட்டில் அதற்கு நேரமும் இருந்ததில்லை. ஏறக்குறைய 1,970 மீற்றர் உயரம். மேலே ஒரு சிலை, உட்கார்ந்த கோலத்தில் தோமஸ் லிப்டன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரும் படம் எடுக்கிறார்கள். எடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டோம், நாங்களும் எடுத்தோம்.

கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்திருந்த லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்தார். தம்பேத்தன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார், அதே ஆண்டில் தம்பேத்தன்னை பெக்டரியும் எழுந்தது. இடையில் தரகர் இல்லாமல் தன் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடையிலேயே விற்றதுதான் அவருடைய கெட்டித்தனம். அந்த உச்சியில் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்து ரசிப்பாராம். பலகையில் எழுதியிருக்கிற வரலாறும், வழிகாட்டி சொல்கிற வரலாறும் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அவர் பார்த்து ரசித்த அந்தப் பச்சையை நட்டது யார் என்ற இடத்துக்கு அது வருவதே இல்லை.

அந்தப் பச்சைக்கும் ஒரு வயது உண்டு. இயற்கை தந்த அழகு என்று விளம்பரங்களில் எழுதுகிறார்கள், அது பாதி பொய். இங்கே காடு இருந்தது, காட்டை ஒட்டிக் கண்டியச் சிங்களக் கிராமங்கள் இருந்தன. 1817-18இல் ஊவாவும் வெல்லஸ்ஸவும் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, ஊர்களையும் வயல்களையும் எரித்துத்தான் அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது. பரம்பரையாகச் சேனை செய்த கிராமத்தவரிடம் காகிதம் ஏது? காகிதம் இல்லாதவருக்கு நிலம் இல்லை என்ற வழக்கம் இந்த மலைகளில் அப்போதே தொடங்கிவிட்டது. கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பிறகு கோப்பி. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைநோயில் கோப்பி படிப்படியாகச் செத்து, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் ஹப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் எட்டியது. பதுளைக்கு வர 1924 ஆனது. எல்லயில் இன்று ஆயிரக்கணக்கானோர் படம் எடுக்கிற ஒன்பது வளைவுப் பாலம் அந்தக் கடைசிக் கட்டத்தில் கட்டியது. உல்லாசப் பயணிகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு போகிற இந்தப் பாதை போடப்பட்டது தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்க. காட்சி என்பது கொசுறு.

அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். 'மலையக மக்கள்' என்று நம்மைச் சொல்வதால் நம்முடைய கதையில் கடல் இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கு. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காடு வழியாக நூறு மைலுக்கு மேல் மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் ரயில் இல்லை. வாந்திபேதியும் பசியும் எடுத்தது போக மிஞ்சியவர்கள்தான் மலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு அதற்கு மேலும் நடை. வந்து சேரும்போதே கங்காணியின் கடன் தலையில் இருக்கும். கடன் தொகையை எழுதிய 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இரண்டு கரையிலும் ரயில் வந்து நின்றது. தனுஷ்கோடி அப்போது தபால் நிலையமும் சுங்கமும் உள்ள சின்னக் கடற்கரைப் பட்டினம். எங்கள் பாட்டன்மார் பலருக்கு இந்தியாவின் கடைசிக் காட்சி அதுதான்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. அதற்கு முந்தின ஆண்டுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பொதுத் தேர்தலில் 7 இடங்களை வென்றிருந்தது. அடுத்த தேர்தலில் போட வாக்கே இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது. திரும்பிப் போனவர்கள் வந்த வாசல் வழியாகப் போக முடியவில்லை, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பலர் நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போனார்கள், அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரங்க'. தனுஷ்கோடி இப்போது இடிந்த தேவாலயத்தைப் பார்க்கச் சனம் போகிற சுற்றுலாத் தலம். நாம் நடந்து வந்த பாதையின் இரண்டு முனையிலும் இன்று கெமராவோடு ஆள் நிற்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம். யுத்தம் முடிந்த 2009இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 4.5 லட்சம். 2018இல் 23 லட்சம். ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாம் கடந்து 2024இல் திரும்பவும் 20 லட்சத்தைத் தாண்டியது. எல்ல என்ற ஒற்றைத் தெருக் கிராமம் இதில் ஊதிப் பெருத்தது. சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. எங்கள் அண்ணன்மாரில் பலர் ஓட்டோ ஓட்டுகிறார்கள், எல்லயில் குசினியில் நிற்கிறார்கள், ரூம் துடைக்கிறார்கள். பிரட்டுக்குப் போவதைவிட அது மேல் என்றுதான் போனார்கள். 2015இல் கேட்கத் தொடங்கிய ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல்தான் கிடைத்தது. கிடைக்கும்போது ஆயிரம் ரூபா பழைய ஆயிரம் ரூபாவாக இல்லை.

எங்களை உறுத்துவது வேறு. கிராமத்தில் ஒரு துண்டுக் காணி உள்ளவர் வீட்டோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறார். விடுதியைப் பதிவு செய்யப் போனாலும், வங்கியில் கடன் கேட்டாலும் முதலில் கேட்பது காணி உறுதி. லயத்துக்கு உறுதி கிடையாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. கை மாறும் ஒவ்வொரு முறையும், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் இருந்தவர் அங்கேயே, அதே கடதாசி இல்லாமல் இருந்தார். 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும், இந்திய உதவி வீடுகளும் வந்தன. கிடைத்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் இன்னும் லயத்தில் இருப்பவரின் முற்றத்தில் கடல் வரைக்கும் காட்சி இருந்தாலும், அதை வைத்து அவரால் ஒரு தேநீர்க் கடைகூடச் சட்டப்படி போட முடியாது. ஹப்புத்தளையில் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷம் மாளிகை இன்று துறவிகளின் மடம், ஜேம் வாங்கச் சனம் வரிசையில் நிற்கிறது. பழைய துரை பங்களாக்கள் ஹோட்டல்களாகிவிட்டன. லயத்தை மட்டும் யாரும் பார்க்கக் கேட்பதில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் போயிருக்கிறோம்? எங்களில் ஒருவர்தான்.

காணி உறுதி என்பது பணத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்பதில் அன்றைக்குச் சொன்ன கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போகச் சொன்னார்கள். எங்கே போவது? தோட்டத்துக்கு வெளியே ஒரு பேர்ச் நிலம் இல்லாதவர், லயத்தை விட்டால் வேலையும் போய்விடும் என்று பயந்தவர், எச்சரிக்கைக் கடிதத்தை வைத்து என்ன செய்வார்? தப்பியவர்கள் மாக்கல்தெனிய பழைய தேயிலை பெக்டரிக்குள் இருந்தார்கள். புது வீடு கிடைக்க 2016 ஆனது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் திரும்பவும் மலைகள் இறங்கின.

லிப்டன் சீட்டிலிருந்து இறங்கி அடுத்த நாள் தியலும பார்க்கப் போனோம். பெரகலயில் ஓட்டோ பிடித்தோம். பூனாகலைப் பக்கத்துப் பையன், எங்கள் வயதுதான் இருக்கும். வெளிநாட்டுக்காரர் ஏறினால் நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர், இலங்கையின் உயரமான வீழ்ச்சி பம்பரகந்தை, அதுவும் இதே ரோட்டில்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவாராம். கொஸ்லந்தை தாண்டும்போது மேலே மலையில் ஒரு வெட்டுக் காயம் மாதிரித் தெரிந்த இடத்தைக் காட்டினார். அதைப் பற்றியும் சொல்லுவீங்களா அண்ணே என்று கேட்டோம். கேட்டால் சொல்லுவேன், யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு வண்டியை ஓரம் கட்டி, கடையில் நாலு பிளேன்டீ சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.