பீப்பாயில் வந்த பெட்ரோல்

எண்ணெய்த் தடை என்றதும் எனக்கு ஜாம்பியாதான் நினைவுக்கு வரும். 1965 நவம்பரில் அதன் அண்டை நாடான ரொடீசியாவின் வெள்ளையர் அரசு பிரிட்டனிடமிருந்து தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. டிசம்பரில் பிரிட்டன் ரொடீசியாவுக்கு எண்ணெய்த் தடை விதித்தது. உடனே ரொடீசியா, ஜாம்பியாவுக்குப் போகும் எண்ணெயை நிறுத்தியது. ஜாம்பியாவோ கடலே இல்லாத நாடு. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. தான்சானியா கைகொடுத்தது. தார் எஸ் சலாமிலிருந்து விமானங்கள் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுமந்தன. லாரிகளோ மழையில் சேறாகிப்போன கிரேட் நார்த் ரோட்டில் திணறின. அந்தப் பயணத்துக்கு ‘நரக ஓட்டம்’ என்றே பெயர். 1968இல் தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியாவின் இண்டோலா வரை 1,710 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் வந்துசேர்ந்தது. இத்தனைக்கும் நடுவே ரொடீசியாவுக்குத் தென்னாப்பிரிக்கா வழியாக எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனங்களுக்கும் அதில் பங்குண்டு என்று 1978இல் பிரிட்டனின் பிங்காம் விசாரணை அறிக்கை சொன்னது. ரேஷனில் பெட்ரோல் வாங்கிய ஜாம்பிய மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.